கர்ணத்துக்கு விதைத்த கொள்ளு

இங்கே காலை ஆறு மணிக்கு ரேடியோ முதலில் கோதுமை விலை சொல்கிறது. பிறகு மழை. பிறகு முந்தின நாள் இந்த வட்டாரத்தில் செத்துப்போனவர்களின் பெயர். ஜனாதிபதி, சண்டை, மற்ற நாடுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வந்து ஐந்தாவது வருசம் நடக்கிறது, இந்த வரிசை எனக்கு இன்னும் பழகவில்லை. அதைவிடப் பழகாதது அதைக் கேட்பவர்களின் முகம். இங்கே நல்ல மழை, விளைச்சல் அமோகம் என்று ரேடியோ சொன்னால், நான் வேலை செய்யும் வீட்டுப் பெரியவரின் முகம் சுருங்குகிறது. ரஷ்யாவில் மழை இல்லை, பயிர் காய்கிறது என்று சொன்னால் இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொள்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடந்த யாருடைய நாயையோ தூக்கி வந்து கட்டுப் போட்டவர். ஆனாலும் மழையைக் கேட்டு வருத்தப்படுகிற குடியானவனை நான் ஊரில் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலக் கிளம்பி வந்துவிட்டவர்களுக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாவது வரை படித்தவன். எனக்கே விளங்காததைத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் காரிமங்கலத்துக்கு மேற்கே ஆறு மைல். பெயர் அந்தோணி. தர்மபுரி தனி ஜில்லா ஆன புதிதில் சேர்ந்தாற்போல மழை பொய்த்தது. கேழ்வரகு காய்ந்தது, சாமை காய்ந்தது, கிணற்றில் வாளி தரையில் தட்டியது. சர்க்கார் ஏரி தூர் வாரும் வேலை கொடுத்தது. கூலிக்குக் கோதுமை. மொரப்பூர் ஸ்டேஷனில் வேகனில் வந்து இறங்கும். நான் அங்கே லாரிக்கு மூட்டை ஏற்றினேன். கோதுமையை என்ன செய்வது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியாது. கேழ்வரகு மாதிரி அரைத்துக் களி கிண்டினார்கள். துடுப்போடு ஒட்டிக்கொண்டு சட்டியே கூட எழுந்து வந்தது. அதையும் தின்றோம். மூட்டைத் துணியில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வது மாதிரி படம் அச்சடித்திருக்கும். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று எழுதியிருப்பதாகப் பங்குச் சாமியார் படித்துச் சொன்னார். என் மனைவி லூர்து அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே மாரி இருக்குது. இதுல எதுங்க நம்ம கை?”

“வாங்கறது நம்ம கை” என்றேன்.

“ரெண்டு கையும் வாங்கற மாரிதான் இருக்குது” என்றாள். மூட்டையைப் பிரித்துத் துவைத்து, கொள்ளு விதை கட்டி வைக்கப் பை தைத்துக்கொண்டாள். நல்ல துணி.

அந்தச் சமயத்தில்தான் டேவிட் வந்தான். அமெரிக்கப் பையன், கிணறு வெட்டும் வேலைக்கு உதவியாக வந்தவன். மாதா கோயில் பக்கத்து அறையில் தங்கினான். அவனுக்கு நான் சமைத்துப் போட்டேன், பாறை துளைக்கிற மெஷினையும் பார்த்துக்கொண்டேன். கொள்ளு ரசம் என்றால் டம்ளரில் ஊற்றிக் குடிப்பான். மூன்று வருசம் இருந்துவிட்டுத் திரும்பினான். போன கொஞ்ச நாளில் அவனை ராணுவம் கூப்பிட்டு வியட்நாமுக்கு அனுப்பிவிட்டது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனி. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து சரியாக நடக்க முடியவில்லை. பண்ணைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று டேவிட் சொல்லி, அவன் அப்பா சர்க்காருக்கு எழுதி, எழுபதாம் வருசம் நான் கான்சாஸ் வந்து சேர்ந்தேன். பெட்டியில் லூர்து கட்டிக் கொடுத்த இரண்டு படி கொள்ளு இருந்தது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைக் கையில் அள்ளிப் பார்த்தார். தின்பதற்கு என்று வாயைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார்.

லூர்தும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களை வரவழைக்க வேண்டுமானால் டேவிட்டின் அப்பா, பெரியவர் வால்ட்டர், ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இவனுக்கு நிரந்தர வேலை உண்டு, குடும்பத்தைத் தாங்க என் பண்ணையால் முடியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருசம் உன் வேலையைப் பார்க்கிறேன், அப்புறம் எழுதுகிறேன் என்றார். நியாயமான பேச்சு. நான் அந்தக் கடிதத்துக்காகத்தான் பொழுது விடிந்ததும் எழுந்தேன், பனியில் கை மரத்துப்போனபோதும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இங்கே நம்ம ஊர் மாதிரி ஊர் கிடையாது. ஒரு வீடு, அப்புறம் ஒரு மைல், அப்புறம் இன்னொரு வீடு. நடுவில் எல்லாம் கோதுமை. முதல் தடவை பார்த்தபோது, மொரப்பூரில் நான் முதுகில் சுமந்தது இங்கிருந்து வந்ததுதானே என்று நினைத்தேன். தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் வடக்கு ரோட்டை ஒட்டிப் பெரியவரின் நிலம் ஒன்று சும்மா கிடந்தது. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சின்ன கிராமமே பிழைக்கிற அளவு. கறுப்பு மண். வசந்தத்தில் மழை பெய்து அந்த மண் விரல் வைத்தால் உள்ளே போகிற பதத்தில் இருந்தது. ஒருவரும் ஏர் கட்டவில்லை. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். பிறகு பெரியவரிடம் கேட்டேன், விதை இல்லையா என்று. விதை இருக்கிறது, விதைக்காமல் இருப்பதற்கு சர்க்கார் பணம் கொடுக்கிறது என்றார். என் இங்கிலீஷ் சரியில்லை என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அதையே திரும்பச் சொன்னார். கோதுமை அதிகமாகிவிட்டதாம். அதிகமானால் விலை விழுமாம். அதனால் கொஞ்ச நிலத்தைச் சும்மா போடச் சொல்கிறார்களாம். எங்கள் ஊரில் கோதுமைக் களி தின்றதைச் சொன்னேன். தெரியும், டேவிட் எழுதியிருக்கிறான் என்றார். அவர் சொன்ன வார்த்தை எல்லாம் விளங்கியது. ஆனால் நம்பவில்லை. ஏதோ கஷ்டம், சொல்ல வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏன் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். என் அப்பா பன்னிரண்டு வருசம் ஒரு புறம்போக்கை உழுது பயிரிட்டு வந்தார். கல் பொறுக்கி, முள் வெட்டி, நிலமாக்கினது அவர்தான். வருசா வருசம் கர்ணம் வருவார். கிராமக் கணக்கு எழுதுகிறவர். எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்து அடங்கல் நோட்டில் எழுதிக்கொண்டு போவார். அந்த எழுத்துதான் குடியானவனுக்கு ஆதாரம். ஒரு பஞ்ச வருசத்தில் அப்பாவிடம் விதை இல்லை. நிலம் சும்மா கிடந்தது. கர்ணம் தரிசு என்று எழுதினார். அடுத்த வருசமும் அப்படியே எழுதினார். மூன்றாவது வருசம் நிலம் வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது. கர்ணம் பொய் எழுதவில்லை. பார்த்ததை எழுதினார். அப்பா அவரைத் திட்டவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கையில் இருந்த துண்டு நிலத்தில் எந்த வருசமும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வண்டிப் பாதை ஓரமாக ஒரு படி கொள்ளு வீசாமல் இருந்ததில்லை. கொள்ளு கல்லிலும் முளைக்கும். அறுவடைக்கு இல்லை அது, கர்ணத்தின் கண்ணுக்கு. எங்கள் பக்கம் பல பேர் செய்வது. கர்ணத்துக்கு விதைக்கிறது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம், வெளியே சொல்ல மாட்டோம். எனக்குக் கொடுத்த பாடமாக அப்பா வேறெதுவும் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

“பசிச்சா தண்ணி குடிச்சுக்கலாம்டா. நோட்டுல தரிசுன்னு வுழுந்துட்டா கழுவ முடியாது.”

எனக்கும் பஞ்சத்துக்கு அப்புறம் ஏரிக்கு மேலே இரண்டு ஏக்கர் கொடுத்திருந்தார்கள். கண்டிஷன் பட்டா. பயிர் செய்தால்தான் நிலம், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். லூர்துதான் அதை விதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கான்சாஸுக்கு வருகிறேன். அந்த வசந்தத்தில், நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கிற கவுண்ட்டி ஆபீசிலிருந்து அளவுக்காரர் ஒருவர் காரில் வந்தார். வடக்கு ரோட்டில் இறங்கினார். கையில் வரைபடம், சங்கிலி, நோட்டு. சும்மா கிடந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். எழுதினார். போய்விட்டார். நான் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை வேறு, தொப்பி வேறு, ஆனால் அவர் நோட்டில் எழுதிய விதம் எனக்குத் தெரிந்த விதம். பெரியவருக்கு நடக்க முடியவில்லை, மகன் சண்டையில் இருக்கிறான், நிலம் தரிசு என்று விழுந்துவிட்டது. அடுத்த வருசமும் விழுந்தால் நிலம் போகும். நிலம் போனால் எனக்கு எழுத வேண்டிய கடிதமும் போகும். இப்படித்தான் என் புத்தி ஓடியது.

ஆனி மாதம் பெரியவரும் அவர் மனைவி எலன் அம்மாவும் இடுப்பு வைத்தியத்துக்காகப் பட்டணம் போனார்கள். நான்கு நாள் ஆகும் என்றார்கள். முதல் நாளே டிராக்டரில் கலப்பை மாட்டி, வடக்கு ரோடு ஓரமாக, காரில் வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஒரு பட்டை உழுதேன். லூர்து கொடுத்த கொள்ளில் ரசத்துக்கு ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டு மீதியை வீசினேன். அவர்கள் திரும்பியபோது சொல்லவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் நிலத்தின் இந்தப் பக்கம்தான் தெரியும், ரோட்டோரம் தெரியாது, பெரியவரும் அவ்வளவு தூரம் வருவதில்லை. இது சொல்லிச் செய்கிற காரியம் இல்லை என்பது என் எண்ணம். மானத்தோடு இருக்கிற மனிதர், அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், காரியம் நடந்தால் போதும்.

கொள்ளு முளைத்தது. நம்ம ஊரில் பார்க்காத வளர்த்தி. ஆனால் பூக்கவில்லை. இங்கே கோடையில் பொழுது போகவே போகாது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் வெயில் அடிக்கும். கொடிக்கு எப்போது பூப்பது என்று தெரியவில்லை போல. ஓடிக்கொண்டே இருந்தது, ரோட்டோரத்துக் கம்பி வேலிமேல் ஏறியது. ஊரில் இரண்டு மாசத்தில் பூக்கிற செடி, புரட்டாசி பிறந்து பகல் குறைந்த பிறகுதான் மஞ்சளாகப் பூத்தது. அந்த வாரமே அளவுக்காரர் திரும்ப வந்தார்.

இந்தத் தடவை நேராக வீட்டுக்கு வந்தார். பெரியவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். வடக்கு ரோட்டில் இறங்கி மூன்று பேரும் கொள்ளுக்கு முன்னால் நின்றோம். பெரியவர் முதலில் செடியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அளவுக்காரர் குனிந்து ஒரு கொடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். இது தானாக முளைத்த களைதானே, இந்தப் பக்கம் இப்படிப்பட்ட களை வருவதுண்டு என்று. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லச் சொல்கிற பார்வை. எதைச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்ததாகத்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் கர்ணம் இது களையா என்று கேட்டால், நிலம் போய்விட்டது என்று அர்த்தம். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“களை இல்லை சார். பயிர். நான் விதைத்தேன். மனிதர்கள் சாப்பிடுவது.”

அதோடு விட்டேனா. டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஊரில் கர்ணம் வயலுக்கு வந்தால் விளைந்ததில் ஒரு கை கொடுப்பது வழக்கம். காய் இன்னும் பிடிக்கவில்லை, அதனால் டப்பாவிலிருந்து ஒரு கை கொள்ளு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி சிந்தாமல் என் கையிலேயே திரும்பக் கொட்டினார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டு மேசையில் உட்கார்ந்து அளவுக்காரர் பெரியவரிடம் விளக்கினார், பெரியவர் எனக்கு விளக்கினார். சும்மா போட்ட நிலத்தில் புல் இருக்கலாம், களை இருக்கலாம். சாப்பிடுகிற பயிர் கூடாது. ஒரு பட்டை என்றாலும் ஒப்பந்தம் உடைந்தது. மூன்று நாளுக்குள், விதை பிடிக்கும் முன்னால், உழுது மண்ணில் புதைத்துவிட்டால் மற்ற நிலத்துக்கு உண்டான உதவிப் பணம் தொடர்ந்து வரும். இந்த நிலத்துக்கு இந்த வருசம் கிடையாது. அளவுக்காரர் போகும்போது என்னிடம் மரியாதையாகத்தான் விடை பெற்றார். களை என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். அவரும் நல்லவர்தான். எல்லாரும் நல்லவர்களாக இருந்துதான் இத்தனையும் நடந்தது.

ஏன் செய்தாய் என்று பெரியவர் கேட்டார். சத்தம் போடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கர்ணத்தைச் சொன்னேன், அடங்கலைச் சொன்னேன், அப்பாவின் நிலத்தைச் சொன்னேன். எலன் அம்மா ஒரு காகிதம் கொடுத்தார், அதில் படம் போட்டுக் காட்டினேன். என் நிலத்தை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பெரியவர் கேட்டார். சர்க்கார் என்றேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவருடைய தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்தபோது இந்த நிலத்தை சர்க்கார் சும்மா கொடுத்ததாம். ஐந்து வருசம் குடியிருந்து உழ வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். உழுதார் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் ஆபீசில் சாட்சி சொன்ன பிறகுதான் பத்திரம் கிடைத்ததாம். இதுவும் கண்டிஷன் பட்டா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அதற்கு முன்னால் யார் நிலம்?” என்று கேட்டேன்.

“இந்தியர்கள்” என்றார். “உன் ஜனம் இல்லை. இங்கே இருந்தவர்கள்.”

“உழவில்லையா?”

“வேட்டையாடினார்கள். அவர்களுக்கு உழவு கிடையாது.”

“அப்போது தரிசு என்று எழுதியிருப்பார்கள்” என்றேன்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் போகும் என்பதால் சொன்னேன். எலன் அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் நானே டிராக்டர் ஏறி அதை மடக்கி உழுதேன். பூத்து நின்றதை உழுவது எனக்கு முதல் தடவை. எங்கள் பக்கம் ஆடு மாடு மேய்ந்து அழிக்கும், மழை இல்லாமல் அழியும், கையால் அழிப்பதில்லை. நான்கு தடவை போய் வந்தேன். மண் மூடிக்கொண்டது. சாயந்தரம் பெரியவர் கடிதத்தைப் பற்றி அவராகவே பேசினார். இந்த வருசம் பண்ணையின் வரவு குறைந்துவிட்டது, குடும்பத்தைத் தாங்க முடியும் என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்யாகிவிடும் என்றார். பார்த்ததை எழுதுகிற மனிதர். லூர்துக்கு அடுத்த வருசம் என்று எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை.

அந்த மார்கழியில் கிழக்கு வங்காளத்துக்காக நம்ம நாட்டுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை வந்தது. அமெரிக்க ஜனாதிபதி பாகிஸ்தான் பக்கம். பெரிய கப்பல் ஒன்றை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியிருப்பதாக ரேடியோ சொன்னது. கோதுமை விலைக்கும் செத்தவர்கள் பெயருக்கும் அப்புறம்தான் சொன்னது. இங்கே கோதுமை கொட்டி வைக்கிற பெரிய கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை உண்டு, எல்லா விவசாயிகளும் அங்கேதான் கூடுவார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார், உங்கள் நாடு ரஷ்யாவோடு சேர்ந்துகொண்டதாமே, நாங்கள் கோதுமை கொடுத்தோமே என்று. ஆமாம், தின்றேன் என்றேன். அவர் கொடுத்தது உண்மை. கப்பல் போனதும் உண்மை. டேவிட்டும் அப்போது வியட்நாமிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருந்தான். அங்கேயும் அதே கை குலுக்குகிற மூட்டை இருப்பதாகவும், அதில் மண் நிரப்பி குண்டு படாமல் இருக்க அடுக்கி வைத்திருப்பதாகவும். எலன் அம்மா அதைப் படித்துவிட்டு எனக்கும் படித்துக் காட்டினார். லூர்து கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்த கோடையில் இந்த நாடே தன்னிடமிருந்த கோதுமையை அள்ளி ரஷ்யாவுக்கு விற்றது. காப்பிக் கடையில் ஒரே கொண்டாட்டம். ரஷ்யாவோடு சேர்ந்துவிட்டீர்களே என்று என்னைக் கேட்ட அதே ஆள் எனக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். வரும் வழியில் பெரியவரிடம் கேட்டேன்.

“ரஷ்யா எதிரி இல்லையா?”

“எதிரிதான். வாங்குகிறான்” என்றார்.

அப்புறம் எல்லாம் தலைகீழ் ஆனது. ரொட்டி விலை ஏறியது. பெட்ரோலுக்குக் கார்கள் வரிசையில் நின்றன, கூலிக் கோதுமைக்கு நாங்கள் நின்ற மாதிரி. சும்மா போட்டதெல்லாம் போதும், வேலிக்கு வேலி விதையுங்கள் என்று சர்க்கார் சொன்னது. இரண்டு வருசத்துக்கு முன்னால் எந்த இடத்தில் கொள்ளு கூடாது, மடக்கி உழு என்றார்களோ, அதே இடத்தில், அதே சர்க்கார். அளவுக்காரர் வந்தார், பார்த்தார், சிரித்தார், போனார். வடக்கு ரோட்டு நிலத்தை நான்தான் உழுதேன். கொள்ளு புதைத்த பட்டையில் மட்டும் கோதுமை கறுகறுவென்று வந்தது. பெரியவர் காரை நிறுத்தி அதைப் பார்த்தார். அந்த வாரம் மேசைமேல் கடிதம் இருந்தது, கையெழுத்தோடு. எல்லா நிலத்துக்கும் ஆள் வேண்டும், குடும்பம் வந்தால் நீ ஓடிவிட மாட்டாய் என்றார். அது கேலி. கேலி என்று எனக்கு விளங்கிய முதல் கேலி.

காகிதம் போக வர ஒரு வருசம் ஆனது. அதற்குள் நம்ம நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. சோற்றுக்கு இல்லை என்றீர்கள், குண்டுக்கு இருக்கிறதா என்று காப்பிக் கடையில் கேட்டார்கள். என்னைக் கேட்டு வெடிக்கவில்லை என்றேன், சிரித்தார்கள். அதற்கு அப்புறம் அவர்களுடைய ஜனாதிபதியே பொய் சொல்லி மாட்டிக்கொண்டு டெலிவிஷனில் வந்து பதவியை விட்டார். அவருக்கு ஓட்டுப் போட்ட பெரியவர் தடியை ஊன்றி எழுந்து போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். உங்களைக் கேட்டு அவர் செய்தாரா என்று நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் லூர்தும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நான்கு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகள் என்னை அந்நியரைக் கூப்பிடுவது மாதிரி நீங்க என்று கூப்பிட்டுவிட்டு அம்மா பின்னால் போய் நின்றுகொண்டாள். லூர்து பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அந்தப் பைதான், கை குலுக்குகிற படம் போட்டது. துவைத்துத் துவைத்து ஒரு கை மட்டும்தான் தெரிந்தது. உள்ளே கொள்ளு. இதை எங்கே போடலாம் என்று கேட்டாள். வடக்கு ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோதுமை முளைத்து விரல் உயரம் நின்றது, வேலிக் கம்பி வரை, ரோட்டுக்கு அந்தப் பக்கமும் அடுத்தவர் கோதுமை. ஒரு முழம் இடம் இல்லை. லூர்து பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டும் என்று நான்கு வருசம் நினைத்தவன், ஏரிக்கு மேலே இருக்கிற இரண்டு ஏக்கரை நினைக்கவே இல்லை. அவள் அங்கே இருந்தவரைதான் அது நிலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன்.

“நெலத்த என்ன பண்ணுன?”

“பஸ் ஏர்றதுக்கு மொத நாளு கொள்ளு வெதச்சுட்டுத்தான் வந்தேன்.”

“யாரு அறுப்பாங்க?”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அறுக்கறதுக்கா வெதச்சேன்?” என்றாள்.

இது மார்கழி. கர்ணம் வருகிற மாதம். இந்த வருசம் பச்சையாக ஏதாவது நின்றால் அவர் எழுதிக்கொண்டு போவார், அடுத்த வருசத்துக்கு விதைக்க அங்கே ஆள் இல்லை. இன்றைக்குக் காலையில் ரேடியோ கோதுமை விலை சொன்னது. ரஷ்யாவில் பனி என்றது. செத்தவர்கள் மூன்று பேர். ஏரிக்கு மேலே மழை பெய்ததா என்று சொல்லவில்லை. லூர்து அடுப்பில் ரசம் வைத்திருந்தாள். பெரியவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, இது அந்தக் களையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெளியே பனி விழுந்து வடக்கு நிலம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஜன்னலில் இருந்து பார்த்தால் பயிர் இருப்பது தெரியாது. நோட்டோடு யாராவது இப்போது வந்தால் தரிசு என்றுதான் எழுதுவார்கள்.